புகைவழி அனுமானம்: செய்மதிப் படிமங்களும் தென்னாசியப் புகையின் சமூக வரலாறும்

1

2022 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 8 ஆந் திகதி, யாழ்ப்பாணம் முதற் கொழும்பு வரையுள்ள பல நகரங்களிற் காற்றின் தரம் மனித நலத்துக்கு ஒவ்வாத நிலையை எய்தியது. மறுநாள் நாடெங்கணும் பாடசாலைகள் மூடப்பட்டன. அதே வேளையில் வங்காள விரிகுடாவில் உருவாகியிருந்த தாழமுக்கம் ‘மாண்டஸ்’ என்னும் புயலாக வளர்ந்து, 9 ஆந் திகதி இரவு மாமல்லபுரத்தை அண்டிக் கரைகடந்தது. அப்புயலின் சுழற்சியினால் இழுத்து வரப்பட்ட காற்று, இந்தியத் துணைக்கண்டத்து மாசினை இத்தீவின்மேற் கொணர்ந்தது என்பதே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்நாளில் வழங்கிய விளக்கமாகும்.

தீவின் வடமுனையை அண்மித்த பருத்தித்துறையில் வாழ்வோர்க்கு, காற்று அக்கரையிலிருந்து எதனையேனும் கொண்டுவரும் என்பது புதிய செய்தியன்று. கோடிக்கரை இங்கிருந்து எழுபது கிலோமீற்றருக்கு உட்பட்ட தொலைவிலேயே உள்ளது. வாடை, சோழகம், கச்சான், கொண்டல் என்று காற்றுக்குத் திசைவழிப் பெயரிட்டு, அப்பெயர்களைக் கொண்டே தொழிலை வகுத்துக்கொண்ட கடலோடிச் சமூகம் இது. எனினும் 2022 இல் வந்தது மழையோ மீனோ அன்று. கண்ணுக்கு மூடுபனிபோலத் தோன்றி, நெஞ்சுக்குள் இறங்கும் நுண்டுணிக்கைப் படலம். அது எங்கிருந்து வந்தது என்ற வினாவுக்குச் செய்மதிப் படிமங்களும் காற்றோட்டக் கணிப்புகளும் விடையளிக்க முயல்கின்றன. அது ஏன் எழுந்தது, எவர் எரித்தனர், எத்தகைய நிர்ப்பந்தத்தால் எரித்தனர் என்னும் வினாக்களுக்கு அவை விடையளிப்பதில்லை. இவ்விரு வகை வினாக்களுக்கும் இடையிலான இடைவெளியை நோக்குவதே இக்கட்டுரையின் குறிக்கோளாகும்.

புகையைக் கண்டு நெருப்பை அறிதல் நமது தருக்க மரபில் அனுமானத்துக்குரிய பழைய எடுத்துக்காட்டாகும். மணிமேகலையின் ‘தவத்திறம் பூண்டு தருமங் கேட்ட காதை’ அளவை இலக்கணத்தை விரித்துரைக்கையில் இவ்வெடுத்துக்காட்டினையே கையாள்கின்றது. மலையிற் புகை தெரிகின்றது. ஆகவே அங்கு நெருப்புண்டு. அத்தருக்கம் அவ்வளவில் நிறைவுறுகின்றது. நெருப்பை மூட்டிய கை யாருடையது என்று அது வினவுவதில்லை. விண்வெளியிலிருந்து புகையைத் தொடரும் இன்றைய அறிவியலும் பெரும்பாலும் அவ்வெல்லையிலேயே நின்றுவிடுகின்றது. அதற்கு அப்பாற் செல்வது சமூக வரலாற்றின் பணியாகும்.

2

செய்மதிகள் தோன்றுவதற்கு முன்னரும் வானிற் செல்லும் படலங்களை மனிதர் தொடர்ந்தனர். 1883 ஓகஸ்டு 27 இல் சுந்தா நீரிணையிலே கிரகத்தோவா எரிமலை வெடித்துச் சிதறியபின், அதன் தூசியும் ஆவியும் நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்குநோக்கிச் சென்று ஏறத்தாழ இரண்டு வாரங்களில் உலகைச் சுற்றி வந்தன. செப்டெம்பர் மாதத்தில் இலங்கையிலும் சென்னையிலும் ஞாயிறு பச்சை நிறமாகத் தோன்றியது. ஹொனலுலுவிலிருந்து அந்தி வானத்தை அவதானித்த செரினோ பிஷப் என்னும் மதகுரு, அது ஒரு ‘நிலநடுக்கோட்டுப் புகையோட்டம்’ என்று கருதினார். இலண்டன் றோயல் சங்கம் குழுவொன்றை அமைத்து, உலகின் பல பாகங்களிலிருந்தும் திரட்டிய குறிப்புகளைக்கொண்டு 1888 இல் விரிவானதோர் அறிக்கையை வெளியிட்டது.

கிரகத்தோவாவின் தூசி காட்டுத்தீயின் புகையன்று. அது மனிதர் மூட்டியதுமன்று. ஆயினும் படலமொன்றின் வழியைத் தேதிவாரியாகக் கோத்து அறியும் முறை அங்குதான் தெளிவாக உருப்பெற்றது எனலாம். அம்முறையின் சமூக அடித்தளம் மனங்கொள்ளத்தக்கது. கப்பல் மாலுமிகளின் நாட்குறிப்புகள், குடியேற்ற நாட்டு அதிகாரிகளின் கடிதங்கள், தந்திக் கம்பிகள் ஆகியனவே அதன் கண்கள். அக்கண்கள் வணிகத்துக்கும் பேரரசின் ஆட்சிக்குமாக அமைந்தவை; வானத்தைப் பார்த்தமை அவற்றின் உபபயன். இலங்கையிலே பச்சை ஞாயிற்றைக் கண்டவருள் ஆங்கிலத்திற் கடிதமெழுதவல்லோரின் கூற்றே ஆவணமாயிற்று. அதே காலையில் வடகடலில் வலையிழுத்த மீனவரும் அதனைக் கண்டிருத்தல் கூடும். அவர்தம் காட்சியைப் பதிவுசெய்யும் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. யார் காண்கின்றனர் என்பதும், யாருடைய காட்சி சான்றாக ஏற்கப்படுகின்றது என்பதும் அன்றே வெவ்வேறு காரியங்களாயின.

3

இன்றைய கண் எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சுருக்கமாக நோக்குவோம். எரியும் நிலம் குறுகிய அலைநீளச் செந்நிறக்கீழ்க் கதிர்களை மிகுதியாக வெளியிடும். ஏறத்தாழ 4 மைக்ரோமீற்றர் அலைநீளத்திற் பெறப்படும் வெப்பத்தை 11 மைக்ரோமீற்றர் அலைநீளத்திற் பெறப்படும் வெப்பத்துடன் ஒப்பிட்டு, சுற்றுப்புறத்தினும் மிகவும் சூடான புள்ளியைக் கணினி தீயென்று குறிக்கின்றது. ஐக்கிய அமெரிக்கா 1999 டிசெம்பரில் அனுப்பிய டெரா, 2002 மே மாதத்தில் அனுப்பிய அக்குவா ஆகிய செய்மதிகளிற் பொருத்தப்பட்ட மொடிஸ் என்னும் கருவி, இவ்வகையில் ஒரு கிலோமீற்றர் அளவான கட்டங்களில் தீயைத் தேடியது. 2011 இல் அனுப்பப்பட்ட சுவோமி செய்மதியின் விர்ஸ் கருவி அக்கட்டத்தை 375 மீற்றராகச் சுருக்கியது.

புகையைக் காண்பது வேறு நுட்பம். கரித்துணிக்கைகள் கழியூதாக் கதிர்களை உறிஞ்சுகின்றன. ஓசோனை அளக்கவென்று 1978 முதல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட டொம்ஸ் வகைக் கருவிகள், இவ்வுறிஞ்சலைக்கொண்டு புகையையும் பாலைத்தூசியையும் தொடரவல்லன என்பது 1990 களில் உணரப்பட்டது. 2006 இல் அனுப்பப்பட்ட கலிப்சோ என்னும் செய்மதி லேசர்க் கதிரைக் கீழ்நோக்கி வீசி, புகைப்படலம் எவ்வுயரத்தில் மிதக்கின்றது என்பதை 2023 வரை அளந்தது. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், புவியோடு ஒத்துச் சுழலும் செய்மதிகளோ ஒரே பரப்பைச் சில நிமிடங்களுக்கொருமுறை படமெடுக்கின்றன. இவற்றோடு காற்றின் வேகத்தையும் திசையையும் சேர்த்து, ஓரிடத்துக்கு வந்த காற்று முந்திய நாட்களில் எவ்வழியே வந்தது எனப் பின்னோக்கிக் கணிக்கும் முறையும் உண்டு.

இச்சாதனைகளைக் குறைத்து மதிப்பிடல் தகாது. எனினும் மூன்று குறைபாடுகள் ஆய்வாளர் அனைவரும் ஒப்புக்கொள்பவை. முதலாவது, முகில் மூடிய இடத்திற் கண் குருடாகின்றது. வாடைக்காலத்து யாழ்ப்பாண வானம் பெரும்பாலும் முகில் மூடியதே. இரண்டாவது, மேலிருந்து பார்க்கும் கருவி நிலத்திலிருந்து விசும்புவரையுள்ள முழுக் காற்றுநிரலையும் ஒன்றாக அளக்கின்றது. மூன்று கிலோமீற்றர் உயரத்திற் செல்லும் புகையும் முற்றத்திற் படியும் புகையும் அதற்குப் பெரும்பாலும் ஒன்றே. மூன்றாவது, துருவங்களின் வழியே சுற்றும் செய்மதி ஓரிடத்தைக் குறித்த நேரத்திலேயே கடக்கின்றது. அந்நேரத்தில் எரியாத தீ அதன் கணக்கில் இல்லை. இம்மூன்றாவது குறைபாடு தொழில்நுட்பக் குறைபாடாக மட்டும் நின்றுவிடவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

4

‘எரிப்பவர் யார்?’ என்னும் வினா இலங்கையில் நூற்றாண்டு கடந்த வினாவாகும். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியனவென அனுமானித்தது. காட்டை வெட்டி எரித்து, ஓரிரு போகம் விளைத்து, மீண்டும் காட்டுக்கே விட்டுச்செல்லும் சேனைப் பயிர்ச்செய்கையாளன், தன் முன்னோர் பயன்படுத்திய நிலத்தில் அத்துமீறுபவனானான். அதே ஆண்டுகளில் மத்திய மலைநாட்டின் காடுகள் கோப்பித் தோட்டங்களுக்காக வெட்டி வீழ்த்தப்பட்டுத் தீயிடப்பட்டன. குடியானவனின் சிறுதீ நாசம் எனப்பட்டது. முதலாளியின் பெருந்தீ அபிவிருத்தி எனப்பட்டது. அத்தீயின் சாம்பலிலேதான் தமிழகத்து வறிய உழவர் கூலிகளாகக் கொணரப்பட்டு நிறுத்தப்பட்டனர்.

இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1842 இல், றைன் மாகாணத்து விறகுத் திருட்டுச் சட்டத்தைப்பற்றி இளம் மார்க்ஸ் பத்திரிகைக் கட்டுரைகள் எழுதினார். வழக்காற்று உரிமையாக உதிர்ந்த சுள்ளிகளைப் பொறுக்கிய ஏழை, சட்டத்தினாற் கள்வனாக்கப்பட்டதை அவர் அவற்றில் ஆராய்ந்தார். பொருளாதாரப் பிரச்சினைகளை நோக்கித் தம்மைத் திருப்பியவற்றுள் அதுவும் ஒன்றென்று பிற்காலத்தில் அவரே குறிப்பிட்டுள்ளார். இலங்கைச் சட்டத்துக்கும் றைன்லாந்துச் சட்டத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆயின் இரண்டும் ஒரே வரலாற்று இயக்கத்தின் வெளிப்பாடுகள்: பொதுவுடைமையாயிருந்த காடு தனிச்சொத்தாக மாறுந்தோறும், காட்டைப் பழைய முறையிற் பயன்படுத்துவோன் குற்றவாளியாகின்றான்.

இவ்வியக்கம் 1997 இல் மீண்டும் பேருருவங் காட்டியது. அவ்வாண்டு எல் நினோவினால் வந்த கடும் வறட்சியிற் சுமாத்திராவிலும் கலிமந்தானிலும் தீ பரவியது. கரிச்சேற்று நிலங்கள் மாதக்கணக்காகப் புகைந்தன. அந்நிலங்களும் காடுகளும் எரிந்ததால் அவ்வாண்டில் இந்தோனேசியா 81 கோடி முதல் 257 கோடி தொன் வரையான கரிமத்தை வளிமண்டலத்துக்கு விட்டதென 2002 இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. செப்டெம்பரிற் சரவாக்கில் அவசரகாலநிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. டொம்ஸ் கருவியின் படிமங்களிற் புகை இந்து சமுத்திரத்தின்மேல் மேற்குநோக்கி விரிந்து கிடந்தது.

இந்தோனேசிய அரசு முதலிற் பெயர்ந்து பயிரிடும் சிறு குடியானவரையே குற்றஞ்சாட்டியது. ஆனால் செய்மதி குறித்த தீப்புள்ளிகளைக் காணி வரைபடங்களின்மேல் வைத்துப் பார்த்தபோது, அவற்றுட் பெரும்பாலானவை செம்பனைத் தோட்டங்களுக்கும் மரக்கூழ்த் தோட்டங்களுக்குமென ஒதுக்கப்பட்ட நிலங்களில் இருந்தமை தெரியவந்தது. அத்தோட்டங்களில் மலேசிய மூலதனத்துக்கும் பங்கிருந்தது. புகையினால் அவதியுற்ற மலேசியாவிலோ, அவ்வாண்டு நவம்பரில், பல்கலைக்கழக அறிஞர் புகைமூட்டத்தைப்பற்றிப் பகிரங்கமாகக் கருத்துக்கூறுதல் தடைசெய்யப்பட்டது. காற்று எல்லையைக் கடந்தது, மூலதனமும் கடந்தது, உண்மை மட்டும் எல்லையில் நிறுத்தப்பட்டது.

இவ்வரலாற்றில் யாழ்ப்பாணத்தவர்க்கும் பங்குண்டு. மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் பணியாற்றச் சென்றோர் இக்குடாநாட்டவர். இறப்பர்த் தோட்டங்களிற் பால் வெட்டியோர் தமிழகத்துத் தொழிலாளர். இறப்பருக்குப்பின் செம்பனை வந்தது. உள்நாட்டில் நிலமும் மலிவான உழைப்பும் அருகியபோது தோட்ட மூலதனம் நீரிணையைக் கடந்தது. 1997 இற் கோலாலம்பூரிலே மூக்கைப் பொத்தி நடந்த தமிழரிற் பலர், அத்தோட்டப் பொருளாதாரத்தின் கணக்கை எழுதியோரதும் உடலுழைப்பை ஈந்தோரதும் வழித்தோன்றல்களாவர். காட்டுத்தீயின் புகை என்று நாம் அழைப்பது, இவ்வகையில், நூற்றாண்டுக்கால உற்பத்திமுறை ஒன்றின் புகையாகும்.

5

இனி, வாடைக்காற்றின் தலைப்பகுதியாகிய வட இந்தியாவுக்கு வருவோம். ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிற் பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல்லறுவடைக்குப்பின் வயல்கள் தீயிடப்படுகின்றன. இது காட்டுத்தீயன்றாயினும், செய்மதிக் கண்ணுக்கு இரண்டும் ஒரே செம்புள்ளிகளே. பஞ்சாபில் மட்டும் ஆண்டுதோறும் ஏறத்தாழ இரண்டு கோடி தொன் வைக்கோல் எஞ்சுகின்றது. பசுமைப் புரட்சி, அரசு கொள்முதல் விலை, இலவச மின்சாரம் ஆகியன அரைவறண்ட அந்நிலத்தை நெல்வயலாக்கின. நிலத்தடி நீர் வற்றியது. அதனைக் காக்க 2009 இற் கொணரப்பட்ட சட்டம் நாற்று நடுகையைச் சூன் மாதத்துக்குத் தள்ளியது. ஆகவே நெல்லறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே இரண்டு மூன்று வாரங்களே எஞ்சின. கூலியாட்களுக்குப் பதிலாக வந்த அறுவடை இயந்திரம் தாளை உயரமாக விட்டுச் செல்கின்றது. அதனை அகற்றும் செலவைக் கடன்பட்ட உழவன் தாங்கவியலாது. தீக்குச்சியே மலிவான கருவி.

இங்கு செய்மதி அரசின் காவலாளியாயிற்று. தீப்புள்ளி காட்டிய வயலுக்கு அதிகாரி சென்றார், தண்டம் விதிக்கப்பட்டது, வழக்கும் பதியப்பட்டது. பின்னர் நிகழ்ந்தது வரலாற்றாசிரியரின் கவனத்துக்குரியது. தீப்புள்ளிகளின் தொகை பெருமளவு குறைந்ததாக அரசு கணக்குக் காட்டிய 2024 இல், புகையின் அளவோ அதற்கேற்பக் குறையவில்லை. அமெரிக்க விண்வெளி நிறுவனத்து ஆய்வாளர் ஹிரன் ஜெத்வா, தென்கொரியாவின் புவிநிலையான செய்மதி தந்த படிமங்களை ஆராய்ந்து, எரிப்பு பிற்பகலின் பிற்பகுதிக்கு நகர்ந்துள்ளதைச் சுட்டினார். துருவவழிச் செய்மதிகள் நண்பகலையொட்டி இரண்டு மணிக்குள் கடந்துவிடுகின்றன. உழவர் அதன் பின்னரே தீ மூட்டுகின்றனர். வனக்காவலன் சென்றபின் சுள்ளி பொறுக்கிய றைன்லாந்து ஏழைக்கும் இவ்வுழவர்க்கும் இடையே நூற்றெண்பது ஆண்டுகள் உள்ளன, உறவுமுறை மாறவில்லை. இதனை வெறும் தந்திரமென இகழ்தலும் தவறு, எதிர்ப்பெனப் போற்றுதலும் தவறு. அப்புகையை முதலிற் சுவாசிப்பவர் அவ்வுழவரின் குழந்தைகளே. நிர்ப்பந்தத்தின் காரணம் இருக்கும்வரை கண்காணிப்பு தீயின் நேரத்தை மாற்றுமேயன்றித் தீயை மாற்றாது.

பண்டங்களுக்கிடையிலான உறவாகத் தோன்றுவது மனிதர்க்கிடையிலான உறவேயென மார்க்ஸ் ‘மூலதன’த்தில் விளக்கினார். வரைபடத்தின் செம்புள்ளியும் அத்தகையதொரு மாயையை உடையது. அது ஓர் இடத்தின் வெப்பநிலையாகத் தோன்றுகின்றது. உண்மையில் அது கடன், குத்தகை, கொள்முதல் விலை, கூலி ஆகியவற்றின் கூட்டுத்தொகையாகும்.

6

புகைக்குப் பெயரிடுதலும் ஓர் அரசியற் செயலே. 1999 சனவரி முதல் மார்ச்சு வரை நடைபெற்ற இந்து சமுத்திரப் பரிசோதனையில் இருநூறுக்கு மேற்பட்ட அறிவியலாளர் கலந்துகொண்டனர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பயின்ற வீரபத்திரன் இராமநாதனும், நோபல் பரிசாளர் போல் குருட்சனும் அதனை வழிநடத்தியோராவர். மாலைதீவின் காசிதூ தீவில் அமைந்த நிலையம், செய்மதிகள், கப்பல்கள், வானூர்திகள் ஆகியவற்றின் துணையுடன், தென்னாசியாவையும் வட இந்து சமுத்திரத்தையும் மூடிய ஏறத்தாழ ஒரு கோடிச் சதுர கிலோமீற்றர் பரப்பான மாசுப்படலம் அளவிடப்பட்டது. 2002 இல் ஐக்கிய நாடுகள் சூழல் திட்டத்தின் அறிக்கை அதனை ‘ஆசியக் கபில முகில்’ என்றழைத்தபோது இந்தியாவில் எதிர்ப்பெழுந்தது. பின்னர் ‘வளிமண்டலக் கபில முகில்’ எனப் பெயர் மாற்றப்பட்டது. இரண்டு நூற்றாண்டுகள் நிலக்கரி எரித்த நாடுகள் ஏழை நாடுகளின் அடுப்பைச் சுட்டிக்காட்டுகின்றன என்னும் எதிர்ப்பில் நியாயமுண்டு. ஆயின் அந்நியாயத்தைத் தன் நாட்டு ஆளும் வர்க்கமும் கவசமாக அணிந்துகொள்ளும் என்பதனையும் மறத்தலாகாது.

அப்படலத்திலுள்ள கரி விறகினதா, நிலக்கரியினதா? இவ்வினாவைத் தீர்க்கச் செய்மதியாற் கூடவில்லை. மாலைதீவிலும் மேற்கிந்திய மலையொன்றிலும் காற்றை வடித்தெடுத்து, அதிலுள்ள கரிமம்-14 ஐ அளந்து 2009 இல் வெளியிட்ட ஆய்வு, அளவிடும் முறைக்கேற்பக் கருங்கரியில் ஏறத்தாழப் பாதி முதல் மூன்றில் இரண்டு வரை தாவரப்பொருளை எரித்தலால் வந்ததென்று காட்டியது. ஆயினும் வயலில் எரிந்த வைக்கோலையும், காட்டில் எரிந்த மரத்தையும், குடிசையில் எரிந்த விறகையும் கரிமம்-14 உம் பிரித்தறியாது. அடுப்படியில் ஊதுகுழலோடு குனிந்திருக்கும் பெண்ணின் மூச்சு எந்தப் படிமத்திலும் இடம்பெறுவதில்லை. கருவிகள் நுண்ணியனவாகுந்தோறும் சமூக ஆய்வின் தேவை குறைவதில்லை, கூடுகின்றது.

7

இப்பொழுது தொடங்கிய இடத்துக்கு மீள்வோம். 2022 டிசெம்பரில் வந்த புகை எதன் புகை? வைக்கோல் எரிப்பு பெரும்பாலும் நவம்பர் இறுதியுடன் ஓய்ந்துவிடுவது. ஆகவே அப்படலத்தைப் பஞ்சாப் உழவர்மேல் முற்றாகச் சுமத்துவது காலக்கணக்குக்கு ஒவ்வாது. செங்கற் சூளை, அனல்மின் நிலையம், வாகனம், குளிர்காய் நெருப்பு, அடுப்பு ஆகியவற்றின் கலவையாகக் கங்கைச் சமவெளியில் மாரிதோறும் தேங்கும் மாசினையே நாம் முதன்மையாக நினைத்தல் வேண்டும். அந்நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் இறந்தன. புகையே கொன்றதென மக்கள் ஐயுற்றனர். கடுங்குளிரே காரணமென அதிகாரிகள் அறிவித்தனர். உடனிகழ்ச்சியைக் காரணமாகக் கொள்ளுதல் அனுமானப் போலி என்பதனை மணிமேகலை ஆசிரியரும் அறிவார். ஆயின், மக்கள் அவ்வாறு ஐயுற நேர்ந்தமைக்கு, ஊர்தோறும் நம்பத்தக்க அளவீடு இல்லாமையும் ஒரு காரணமன்றோ?

‘இந்தியாவிலிருந்து வந்தது’ என்னும் கூற்று உண்மையாயிருக்கலாம். ஆனால் அது ஒரு வசதியான உண்மையுங்கூட. வாடை ஓய்ந்த நாட்களிலும் நம் வீதியோரங்களிற் குப்பை எரிகின்றது. பிளாத்திக்கும் பனையோலையும் ஒரே குவியலிற் புகைகின்றன. அப்புகை 375 மீற்றர்க் கட்டத்துக்குள் அகப்படாத சிறுபுகை. அகப்படாமையால் அது இல்லையென்றாகிவிடாது. உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வகுத்த வழிகாட்டியின்படி, 2.5 மைக்ரோமீற்றருக்கு உட்பட்ட நுண்டுணிக்கைகள் ஒரு நாட் சராசரியாகக் கன மீற்றரொன்றில் 15 மைக்ரோகிராமை விஞ்சுதலாகாது. அவ்வளவை ஊர்மட்டத்தில் அறிவதற்கு வேண்டியது விண்வெளிக் கண்ணன்று. நிலத்திற் பொருத்திய எளிய கருவியும், அதனை நாள்தோறும் வாசித்துப் பகிரங்கப்படுத்தும் பொறுப்புமாகும்.

மேலிருந்து காணப்படுதல் காப்பாற்றப்படுதலாகாது என்பதை இம்மண் வேறொரு வகையிலும் அறியும். 2009 ஏப்பிரலில் வன்னியின் ஒடுங்கிய கரையோரத்தைச் செய்மதிகள் படமெடுத்தன. ஐக்கிய நாடுகள் அமைப்பின் செய்மதிப் பிரிவு அப்படிமங்களை ஆராய்ந்தது. படிமங்கள் இருந்தன, அவற்றின்மேற் செயற்படும் அரசியல் விருப்பம் இருக்கவில்லை. புகையின் செய்தியும் அதுவே. சான்று தானாகவே நீதியாவதில்லை. அதனைக் கையிலெடுக்கும் சமூக சக்தியொன்று வேண்டும்.

அச்சக்தியை எங்கே தேடுவது? எரிப்போர் ஒருபுறமும் சுவாசிப்போர் மறுபுறமுமாக நாடுகளின் பெயரால் நிறுத்தப்படும்வரை அது உருவாகாது. பஞ்சாபின் கடன்பட்ட உழவர், கலிமந்தானின் தோட்டக் கூலியாள், கங்கைக்கரைச் சூளைத் தொழிலாளி, பருத்தித்துறையில் விடியுமுன் கடலுக்கிறங்கும் மீனவர் ஆகியோரை ஒரே புகை மூடுகின்றது. அவர்களுள் எவரும் அப்புகையினால் இலாபமடைந்தவரல்லர். புகையிலிருந்து நெருப்பை அனுமானிக்க நம் முன்னோர் கற்பித்தனர். நெருப்பிலிருந்து அதனை மூட்டுவிக்கும் உறவுகளை அனுமானிக்கக் கற்றல், நம் தலைமுறைக்கு எஞ்சியுள்ள பாடமாகும்.